யாருக்கு யார் உணவு? வாசகர் கேள்வி பதில்

தொடக்கப் பள்ளி அறிவியலில் வரும் சூழல் மண்டலம், உணவுச் சங்கிலி ஆகிய பாடங்களைப் பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இம்முறை பதில் தருகிறோம். கேட்டவர்களில் பலர் நெல் விளையும் ஊர்களைச் சேர்ந்தவர்கள் என்பதால், பதில்களும் வயலை விட்டு அதிகம் விலகவில்லை.

கேள்வி: நெல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து என்று கரும்பலகையில் எழுதி அம்புக்குறி போடச் சொன்னால், வகுப்பில் பாதிப் பேர் தவளையிலிருந்து வெட்டுக்கிளியை நோக்கி அம்பு போடுகிறார்கள். “தவளைதானே டீச்சர் பாய்ந்து பிடிக்கிறது?” என்று கேட்கிறார்கள். எப்படிப் புரிய வைப்பது?
– தொடக்கப் பள்ளி ஆசிரியை, மன்னார்குடி

பதில்: பிள்ளைகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் வேட்டை நடக்கும் திசையை வரைகிறார்கள். பாடம் கேட்பதோ உணவு போய்ச் சேரும் திசையை. ஆகவே தவறு என்று அடித்துவிடாமல், ஒவ்வொரு அம்புக்குறியையும் “உணவாகிறது” என்று உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நெல் வெட்டுக்கிளிக்கு உணவாகிறது, வெட்டுக்கிளி தவளைக்கு உணவாகிறது என்று படித்துக்கொண்டு போகும்போது, தலைகீழாகப் போட்ட அம்பு காதிலேயே இடறும்.

இதோடு இன்னொரு மயக்கத்தையும் அப்போதே தீர்த்துவிடுவது நல்லது. சங்கிலியில் பின்னால் வருவது முன்னால் இருப்பதைவிடப் பெரியது, வலியது என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள். யானை தழையும் புல்லும் தின்பதால் வெட்டுக்கிளியோடு சேர்ந்து முதல்நிலை நுகர்வோர், அதாவது தாவரத்தை நேராகத் தின்பவை, வரிசையில்தான் நிற்கிறது. பூச்சியைத் தின்னும் நெல்மணி அளவுச் சிலந்தியோ அதற்கு ஒரு படி மேலே இருக்கிறது. இந்த ஒரு எடுத்துக்காட்டைச் சொன்னால் போதும், படி என்பது பலத்தைக் குறிப்பதன்று என்பது விளங்கிவிடும்.

கேள்வி: வெட்டுக்கிளி நிறைய இருக்கிறது. பருந்து மட்டும் ஏன் ஒன்றிரண்டு இருக்கிறது? பருந்தை ஏன் எதுவும் சாப்பிடுவதில்லை?
– ஐந்தாம் வகுப்பு மாணவன், தஞ்சாவூர்

பதில்: தம்பி, இரண்டு கேள்விக்கும் காரணம் ஒன்றுதான். வெட்டுக்கிளி தின்ற தழை முழுவதும் வெட்டுக்கிளியின் உடம்பாக மாறுவதில்லை. ஒரு பகுதி செரிக்காமல் கழிவாகிறது, பெரும்பகுதி குதிப்பதற்கும் மூச்சு விடுவதற்கும் செலவாகி வெப்பமாகப் போய்விடுகிறது. மீந்ததுதான் உடம்பில் சேர்கிறது. தவளைக்குக் கிடைப்பது அந்த மிச்சம் மட்டுமே. தவளையிடமிருந்து பாம்புக்குப் போகும்போதும் இதே கதைதான். ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் மேலே போகிறது என்று வைத்துக்கொண்டால், 1,000 கிலோ தழையிலிருந்து 100 கிலோ வெட்டுக்கிளியும், அதிலிருந்து 10 கிலோ தவளையும், அதிலிருந்து 1 கிலோ பாம்பும்தான் உருவாக முடியும். பருந்துக்கு மிஞ்சுவது 100 கிராம். பருந்தை மட்டுமே தின்று பிழைக்க இன்னொரு விலங்கு வந்தால், அதற்கு ஊர் ஊராகப் பறந்தாலும் வயிறு நிரம்பாது.

இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தவர் ரேமண்ட் லிண்டமன் என்ற அமெரிக்க ஆய்வாளர். மினசோட்டா மாநிலத்திலுள்ள சீடார் பாக் என்னும் சிறிய ஏரியில் இருந்த பாசி முதல் மீன் வரை எல்லாவற்றையும் அளந்து, 1942-இல் கட்டுரையாக வெளியிட்டார். அந்தக் கட்டுரை அச்சில் வருவதற்குள் தமது 26-ஆம் வயதில் இறந்துபோனார். அவருடைய ஏரியில் தாவரம் உண்பவற்றுக்குச் சுமார் 13 விழுக்காடும், அவற்றை உண்பவற்றுக்குச் சுமார் 22 விழுக்காடும் என்றுதான் கணக்கு வந்தது. ஆகவே பத்து விழுக்காடு என்பதைத் தோராயமாக எடுத்துக்கொள்; தேர்வில் கேட்டால் மட்டும் பத்து என்றே எழுது.

கேள்வி: “தவளைகள் எல்லாம் அழிந்துவிட்டால் என்ன ஆகும்?” என்ற கேள்விக்கு, “பாம்பும் பருந்தும் அழிந்துவிடும்” என்று என் மகள் எழுதினாள். பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. அது சரியான விடைதானே?
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: பாதி சரி என்பதால் பாதி மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். சங்கிலியில் ஒரு வளையம் அறுந்தால் எல்லாமே போயிற்று என்பது படத்தில் மட்டும் உண்மை. வயலில் சாரைப்பாம்பு தவளையும் தின்னும், எலியும் தின்னும். தண்ணீர்ப்பாம்பு மீனையும் பிடிக்கும். பருந்துக்கு எலி, ஓணான், கோழிக்குஞ்சு என்று எத்தனையோ வழி உண்டு. இப்படிப் பல சங்கிலிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடப்பதைத்தான் உணவு வலை என்கிறோம். தவளை குறைந்தால் தண்ணீர்ப்பாம்பைப் போல அதை அதிகம் நம்பியிருப்பவை முதலில் இளைக்கும், மற்றவை வேறு இரையைத் தேடிப் போகும். சங்கிலியின் மறு பக்கத்தையும் உங்கள் மகள் எழுதியிருக்க வேண்டும்: தவளை தின்று வந்த பூச்சிகள் பெருகும்.

இது வெறும் கற்பனைக் கேள்வியும் அன்று. ஒரு காலத்தில் நம் நாட்டு வயல்களிலும் குளங்களிலும் பிடிக்கப்பட்ட தவளைகளின் கால்கள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஆயிரக்கணக்கான டன் அளவில் ஏற்றுமதியாயின. பூச்சியைத் தின்று வந்த தவளையை விற்றுவிட்டு, அந்தப் பூச்சியைக் கொல்லக் காசு கொடுத்து மருந்து வாங்குகிறோம் என்ற எதிர்ப்பு வலுத்த பின், 1987-இல் இந்திய அரசு அந்த ஏற்றுமதிக்குத் தடை விதித்தது.

கேள்வி: “வயலில் உள்ள பூச்சிகள் எல்லாவற்றையும் மருந்தடித்துக் கொன்றுவிட்டால் நெல் நன்றாக விளையுமே?” என்று நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகள் கேட்கிறாள். நானும் விவசாயிதான். புகையான் பூச்சிக்கு மருந்து அடித்த பிறகு அது முன்னைவிட அதிகமாக வந்ததையும் பார்த்திருக்கிறேன். அவளுக்கு எப்படி விளக்குவது?
– விவசாயி, திருத்துறைப்பூண்டி

பதில்: ஐயா, உங்கள் வயலே இதற்கு நல்ல பாடம். காலையில் மகளை வரப்பில் உட்கார வைத்து, ஒரு நெற்குத்தை அடியில் விலக்கிக் காட்டுங்கள். தண்ணீருக்குச் சற்று மேலே, தூரில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் பழுப்பு நிறப் புகையானைப் பார்க்கலாம். அதன் பக்கத்திலேயே வலை பின்னாமல் ஓடித் திரிந்து இரை பிடிக்கும் ஓநாய்ச் சிலந்தியும் இருக்கும். வெளிர் நிற உருண்டை ஒன்றை வயிற்றின் பின்னால் ஒட்டி இழுத்துக்கொண்டு போகும் சிலந்தி கண்ணில் பட்டால், அது முட்டைப் பை என்று சொல்லுங்கள். குஞ்சுகள் பொரித்தபின் தாயின் முதுகில் ஏறிக்கொண்டு சில நாள் சவாரி செய்யும். இதைப் பார்த்த பிள்ளை சிலந்தியை எளிதில் மறக்காது.

இப்போது மருந்துக்கு வருவோம். புகையான் தன் முட்டைகளை இலையுறையின் திசுவுக்குள் செருகி வைப்பதால், மேலே தெளிக்கும் மருந்து பல நேரம் முட்டைகளைத் தொடுவதில்லை. வெளியே ஓடித் திரியும் சிலந்தியும், புகையானின் முட்டையைத் தேடித் தின்னும் மிரிட் நாவாய்ப்பூச்சியும்தான் முதலில் சாகின்றன. சில நாளில் முட்டைகள் பொரிக்கும்போது, தின்பதற்குப் பயிர் இருக்கிறது, தன்னைத் தின்பதற்கு ஆள் இல்லை. ஒரு தாய்ப்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிட்டு, ஏறத்தாழ ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறையை எழுப்பிவிடுகிறது. சிலந்தி அந்த வேகத்தில் பெருகுவதில்லை. முன் பதிலில் சொன்ன கணக்கும் இங்கே சேர்ந்துகொள்கிறது: மேல்படியில் இருப்பவை எப்போதும் எண்ணிக்கையில் குறைவு, ஆகவே அடி விழுந்தால் மீண்டு வர நாளாகும். நீங்கள் கண்ட புகையான் பெருக்கத்துக்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு நாடே இதை அனுபவித்துக் கற்றிருக்கிறது. இந்தோனேசிய அரசு பூச்சிமருந்தை மிகப் பெரிய மானியத்தில் விவசாயிகளுக்குக் கொடுத்து வந்தது. அங்கே 1970-களின் நடுப்பகுதியிலும், மறுபடி 1980-களின் நடுப்பகுதியிலும் புகையான் பெருந்தாக்குதலாக வந்தது. மருந்துதான் பூச்சியைப் பெருக்குகிறது என்று ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியபின், 1986-இல் அரசு 57 வகை மருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தடை செய்து, சில ஆண்டுகளில் மானியத்தையும் நிறுத்திவிட்டது. அதனால் நெல் விளைச்சல் சரியவில்லை. எந்த மருந்தும் எப்போதும் வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. குத்துக்கு எத்தனை பூச்சி, எத்தனை சிலந்தி என்று எண்ணிப் பார்த்தபின் முடிவு செய்ய வேண்டும் என்பதே வேளாண் துறையினரும் சொல்லும் வழி. நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு எண்ணுவது பிடித்த வேலைதான்.

கேள்வி: பாக்டீரியா, பூஞ்சை போன்ற சிதைப்பவைகளைச் சங்கிலியில் எந்த இடத்தில் எழுதுவது? பல படங்களில் அவை கடைசியில், பருந்துக்குப் பிறகு வருகின்றன.
– பயிற்சி ஆசிரியர், திருவாரூர்

பதில்: கடைசியில் எழுதுவது வசதிக்காகத்தான். நெல், வெட்டுக்கிளி, பாம்பு எது இறந்தாலும் அதைச் சிதைப்பவை அவைதாம் என்பதால், எல்லாப் படியிலிருந்தும் அவற்றுக்கு அம்பு போக வேண்டும். அவை விடுவிக்கும் சத்துகள் மண்ணுக்கும் பயிருக்கும் திரும்புகின்றன. ஆற்றல் மட்டும் திரும்புவதில்லை, அதற்கு நாள்தோறும் வெயில் வேண்டும்.

அதைவிடச் சுவையான செய்தி, சிதைவிலிருந்தே ஒரு சங்கிலி தொடங்குகிறது என்பது. நடவு முடிந்த புதிதில் பயிரைத் தின்னும் பூச்சி அதிகம் இராது. ஆனாலும் சிலந்திகள் வந்துவிடுகின்றன. அவை எதைத் தின்று பிழைக்கின்றன? இந்தோனேசியாவின் ஜாவா தீவு வயல்களில் ஆராய்ந்தபோது விடை கிடைத்தது. சேற்றில் மட்கும் வைக்கோலையும் தழையையும், நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் தின்று வளரும் கொசு போன்ற சிறு ஈக்கள்தாம் அந்த நாள்களில் சிலந்திகளுக்கு இரை. ஆகவே புகையான் வருவதற்கு முன்பே அதைத் தின்னும் கூட்டம் வயலில் பெருகி நிற்கிறது. கரும்பலகையில் நெல்லில் தொடங்கும் சங்கிலிக்குக் கீழே, “மட்கிய வைக்கோல், சிறு ஈ, சிலந்தி, தவளை” என்று இன்னொரு வரியையும் எழுதுங்கள். இரண்டும் தவளையில் வந்து சந்திப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

கேள்வி: மனிதன் எந்தப் படியில் இருக்கிறான்?
– நான்காம் வகுப்பு மாணவி, நாகப்பட்டினம்

பதில்: அது உன் தட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வெறும் சோறும் கீரையும் சாப்பிட்டால் நீயும் வெட்டுக்கிளியும் ஒரே படி. கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்னும் நெத்திலியைச் சாப்பிட்டால் மேலே ஏறுகிறாய். சிறு மீன்களைப் பிடித்துத் தின்னும் சூரை மீனைச் சாப்பிட்டால் இன்னும் மேலே. மீன்குழம்பும் சோறும் சேர்த்துச் சாப்பிடும் நாளில், ஒரே வேளையில் இரண்டு படியில் உட்கார்ந்திருக்கிறாய்.