எரிந்த காட்டை வானிலிருந்து பார்ப்பது: கேள்வி பதில்

2019 பிப்ரவரியில் கர்நாடகத்தின் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில் எரிந்த இடங்கள், அதே ஆண்டு ஆகஸ்டில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் பச்சையாக இருக்கின்றன. ஆறே மாதத்தில் காடு மீண்டுவிட்டதா?

இல்லை. நீங்கள் பார்த்த பச்சை, என்.டி.வி.ஐ. எனும் பசுமைக் குறியீடு; சிவப்பு ஒளியையும் அண்மை அகச்சிவப்பையும் ஒப்பிடும் ஓர் எண். இலை சிவப்பை விழுங்கும். அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். அது தேக்கு இலையா, புல்லா, உண்ணிச்செடி (லாண்டானா) எனும் அயல் புதரா என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. மழை விழுந்ததும் சாம்பல்மேல் முதலில் எழுவது புல். மேலும், பந்திப்பூரில் பெரும்பகுதி இலையுதிர் காடு. பிப்ரவரியில் எரியாத இடமே பழுப்பாகத்தான் நிற்கும். பிப்ரவரியையும் ஆகஸ்டையும் அருகருகே வைத்தால் நீங்கள் அளப்பது பருவமழையை. 2018 ஆகஸ்டோடு 2019 ஆகஸ்டை ஒப்பிடுங்கள். அதே மழையில் நனைந்த, எரியாத பக்கத்துச் சரிவு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எரிந்த எல்லையை வரைய எது நல்லது?

என்.பி.ஆர். எனும் எரிவுக் குறியீடு. இதில் சிவப்புக்குப் பதில் குற்றலை அகச்சிவப்பு. சென்டினல்-2 செயற்கைக்கோளின் 8ஏ, 12 ஆகிய ஒளிப்பட்டைகள் போதும்; இரண்டிலும் படத்தின் ஒரு கட்டம் தரையில் 20 மீட்டர். தீக்கு முந்தைய மதிப்பிலிருந்து பிந்தையதைக் கழியுங்கள். தீ அணைந்த சில நாட்களுக்குள் எடுத்த படமாக இருக்கட்டும். காற்று சாம்பலை வாரிக்கொண்டு போய்விடும். தீயின் கடுமையைப் பிரிக்க எல்லோரும் எடுத்தாளும் அட்டவணை வட அமெரிக்கக் காடுகளில் உருவானது. அதை நம் முட்காட்டின்மேல் அப்படியே ஒட்டாதீர்கள்.

முதுமலையில் மார்ச், அக்டோபர் படங்களை ஒப்பிட்டேன். வளர்ச்சி பிரமாதம்!

முதல் பதிலைப் படியுங்கள்.

மழைக்காலம் முழுக்க மேகம். என்ன செய்வது?

சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் மேகத்தை ஊடுருவும். ஆனால் அது சொல்வது ஈரத்தையும் செடியின் கட்டமைப்பையும், பசுமையை அல்ல. மேகம் விலகும்வரை காத்திருங்கள்.

உண்ணிச்செடியை ஏன் எல்லோரும் திட்டுகிறார்கள்? அதுவும் மண்ணைப் பிடிக்கிறதே. பழங்குடியினர் தீ வைப்பதைத் தடுத்ததால்தான் அது பெருகியது என்கிறார்களே?

மண்ணைப் பிடிக்கிறது, கூடவே புல்லையும் மரக்கன்றையும் நெரிக்கிறது. புல் இல்லாத பச்சையில் மானுக்கு என்ன வேலை? இரண்டாவது பாதியை நான் மறுக்கவில்லை. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன மலையில் வாழும் சோலிகர் எனும் பழங்குடியினர் வறட்சி முற்றுவதற்கு முன் சருகுக்குத் தீ வைப்பார்கள். ‘தரகு பெங்கி’ என்று பெயர். அது நின்ற பிறகே உண்ணி படர்ந்தது என்பது அவர்கள் மூத்தவர்களின் கூற்று. காட்டில் வாழ்ந்தவர்களின் பேச்சை நான் மதிக்கிறேன். செயற்கைக்கோளைக் கொண்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியாது: சருகை மட்டும் மேய்ந்து போகும் சிறு தீ, லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தின் 30 மீட்டர் கட்டத்தில் பெரும்பாலும் தடயமே விடாது. ஆனால், இன்று ஆள் உயரத்துக்கு உண்ணி மண்டிய இடத்தில் அதே தீயை வைத்தால் அது சருகோடு நிற்காது.

அப்படியானால் உண்ணியைப் படத்தில் பிரித்தறியவே முடியாதா?

மரங்கள் இலை உதிர்த்த பிறகும் கீழே பச்சை நீடித்தால் சந்தேகப்படலாம். கடும் வறட்சியில் அதுவும் காய்ந்துவிடும். நடந்துபோய்ப் பாருங்கள், வனத்துறை அனுமதியோடு.

ஜனவரி படத்தையும் ஜூலை படத்தையும்…

ஒரே மாதம் ஐயா, ஒரே மாதம்!

டிரோன் வாங்கலாமா?

புலிகள் காப்பகத்தின்மேல் அனுமதியின்றிப் பறக்கவிட்டால் வழக்கு வரும். சென்டினல் படங்கள் இலவசம்.