வீட்டுத் தொழில்: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் சொந்த வீட்டில் முறுக்கு, அதிரசம் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். உத்யம் சான்றிதழ் இருக்கிறது. மின் மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவர், "இது வீட்டுக் கணக்குல வராதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன செய்வது?

பதில்: உத்யம் என்பது உங்களைச் சிறுதொழில் செய்பவராகப் பதிந்துகொண்டதற்கான சீட்டு, அவ்வளவுதான். அந்த மனையில் தொழில் நடத்தலாமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

அதற்கு முதலில் உங்கள் டவுன் சர்வே எண், வார்டு, பிளாக் மூன்றையும் குறித்துக்கொண்டு, நகர் ஊரமைப்புத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் அந்த மனை எந்த உபயோகப் பகுதியில் (குடியிருப்பா, வணிகமா, தொழிலா) வருகிறது என்று எழுதிக் கேளுங்கள். எத்தனை சதுர அடியில் வேலை, எத்தனை ஆட்கள், எத்தனை குதிரைத்திறன் மோட்டார் என்பதையும் மனுவிலேயே சொல்லிவிடுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். "பரவாயில்லம்மா, செய்ங்க" என்று சொன்னவர், புகார் வரும் நாளில் வேறு ஊருக்கு மாறுதலாகியிருப்பார். மாநகராட்சியில் தொழில் உரிமமும் சொத்து வரியும் தனித்தனி மேசை. ஒன்றைக் கட்டிய ரசீது இன்னொன்றுக்கு உதவாது.

மின்சாரம்தான் அவசரம். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால், 2003 மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின்படி, பொருந்த வேண்டிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கணக்கிடுவார்கள். எப்போது தொடங்கினீர்கள் என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குப் போடலாம். அதனால் மெஷின் வாங்கிய பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். தற்காலிகக் கணக்கீடு வந்தால் ஆட்சேபத்தை எழுதிக் கொடுங்கள். இறுதி உத்தரவு வந்தபின் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். பாதித் தொகையைக் கட்டினால்தான் மனுவை எடுப்பார்கள்.

அதுவரை போகாமல், நீங்களே மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போய்க் குடிசைத் தொழிலுக்கான 3ஏ1 கட்டணம் கிடைக்குமா என்று கேளுங்கள். கடைக்கான கட்டணத்தைவிட அது குறைவு. தனி இணைப்பு வேண்டுமென்றால் அறை சுவரால் பிரிந்திருக்க வேண்டும், வயரிங்கும் தனி. வீட்டு மீட்டரிலிருந்து ஒரு பிளக் பாயிண்ட்கூட அந்த அறைக்குள் போகக் கூடாது. பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அந்த ஒற்றை எக்ஸ்டென்ஷன் வயரில்தான்.

அடுப்புக்கு 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான். பாக்கெட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருக்க வேண்டும். 2011 விதிகள் சாதாரணப் பதிவுக்கு வைத்த வரம்பு ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் விற்பனை. விண்ணப்பிக்கும் அன்று இப்போதைய வரம்பை ஒருமுறை சரிபாருங்கள்.

இன்னொன்று. பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஆறிய எண்ணெயும் மாவுக் கசடும் சேர்ந்து குழாய்க்குள் சோப்புக் கட்டி மாதிரி இறுகிவிடும். அடைப்பு பக்கத்து வீட்டில் பொங்கும், புகார் உங்கள் பேரில் போகும்.

கேள்வி: கடலூர் ஆல்பேட்டையில் ஊறுகாய் போடுகிறேன். புதுச்சேரிக் கடை ஒன்று மாதம் 50 பாட்டில் கேட்கிறது. என் விற்பனை சின்னது, ஜிஎஸ்டி வேண்டாம்தானே?

பதில்: வேண்டும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை. ஆனால் புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் அது வெளிமாநில விற்பனை. அதற்கு முதல் பாட்டிலிலிருந்தே பதிவு கட்டாயம். பஸ்ஸில் அரை மணி நேர தூரம்தானே என்பதெல்லாம் சட்டத்துக்குத் தெரியாது. புதுச்சேரியில் குடியிருந்து விற்பவர்களுக்கோ, உள்ளூர் விற்பனைக்கே வரம்பு 20 லட்சம்தான்.

கேள்வி: வீட்டு முன்னறையில் ஆடிட்டர் அலுவலகம். மீட்டரை மாற்ற வேண்டுமா?

பதில்: தொழில்முறை ஆலோசகரின் அறை, அவர் குடியிருக்கும் வீட்டோடு ஒட்டியதாகவும், அறை மட்டும் 200 சதுர அடிக்குள்ளும் இருந்தால் வீட்டுக் கட்டணமே. பத்துக்கு இருபது அறை சரியாக அந்த அளவு. ஹாலில் நாற்காலி போட்டு ஆட்களை உட்காரவைத்தால் அதையும் சேர்த்து அளப்பார்கள்.