ஐடிவி எப்படித் தப்பியது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

விளையாட்டு ஒளிபரப்பு பற்றிய உங்கள் கட்டுரையில், 1992இல் கால்பந்தைச் சந்தா கட்டிப் பார்க்கும் ஸ்கையிடம் பறிகொடுத்ததோடு, பிரிட்டனில் விளம்பர வருமானத்தில் ஓடும் தொலைக்காட்சியான ஐடிவியின் பொற்காலம் முடிந்தது என்று எழுதியிருந்தீர்கள். என் தம்பி குடும்பத்தோடு லெஸ்டரில் இருக்கிறான். அவன் வீட்டில் இன்றும் ஐடிவி ஓடுகிறது. பிபிசிக்கான உரிமக் கட்டணம் தவிர வேறு சந்தா எதுவும் கட்டுவதில்லை என்கிறான். ஸ்கையிடம் பணமும் செயற்கைக்கோளும் இருந்தன. பிறகு ஐடிவி எப்படித் தப்பியது? ஊருக்கு ஒன்றாகக் கிடந்த கம்பெனிகள் ஒரே கம்பெனியாகச் சேர்ந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். சரிதானா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

சேர்ந்தது ஒரு காரணம். முக்கியமான காரணம் அது இல்லை என்பது என் உறுதியான கருத்து. அவர்களில் பெரிய இரண்டு கம்பெனிகளான கார்ல்டனும் கிரனடாவும் கைகோத்துச் செய்த பெரிய காரியம்தான் ஐடிவியைப் படுகுழியின் விளிம்புவரை கொண்டுபோனது. அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1955இல் தொடங்கிய ஐடிவி ஒரு கம்பெனி அல்ல, ஒரு கூட்டமைப்பு. லண்டனுக்குத் தேம்ஸ், மான்செஸ்டருக்குக் கிரனடா, நார்விச்சுக்கு ஆங்லியா என்று பகுதிக்கு ஒரு கம்பெனி உரிமம் பெற்றிருந்தது. விளம்பரத்தில் ஓடும் இன்னொரு சேனலான சேனல் 4 வந்த பிறகும் 1992 முடியும்வரை அதன் விளம்பர நேரத்தை விற்றவர்கள் ஐடிவிக்காரர்கள்தான். தொலைக்காட்சியில் சோப்பு விற்க வேண்டுமா, இவர்களிடம்தான் வர வேண்டும். அந்தச் சுகத்தில் இருந்தவர்கள் 1989 பிப்ரவரியில் ஊடக முதலாளி ரூபர்ட் மர்டாக்கின் ஸ்கை, லக்சம்பர்க் நாட்டுக் கம்பெனியின் ஆஸ்ட்ரா செயற்கைக்கோளில் ஏறி வந்தபோது பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அரசின் உரிமம் பெற்ற போட்டிச் செயற்கைக்கோள் நிறுவனமான பிஎஸ்பியில் கிரனடாவும் ஆங்லியாவும் பங்கு போட்டிருந்தன. அந்த பிஎஸ்பி ஒளிபரப்பத் தொடங்கிய அதே 1990இலேயே, நவம்பரில், ஸ்கையோடு இணைந்தது. பெயருக்குத்தான் இணைப்பு, கடிவாளம் மர்டாக்கின் கையில் இருந்தது.

அதே ஆண்டு தாட்சர் அரசு கொண்டுவந்த சட்டம் ஐடிவி உரிமங்களை ஏலத்தில் விட்டது. 1991 அக்டோபரில் முடிவு வந்தது. லண்டன் வார நாள் உரிமத்துக்குக் கார்ல்டன் ஆண்டுக்கு 4.3 கோடி பவுண்டு கேட்டு, தேம்ஸை வெளியேற்றியது. நடு இங்கிலாந்தில் சென்ட்ரல் கம்பெனிக்கு எதிராக ஏலம் கேட்க ஆளே இல்லை. அது ஆண்டுக்கு 2,000 பவுண்டுக்கு உரிமத்தை வாங்கிவிட்டது. இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்கையோடு பெரும் சண்டை தொடங்கும் நேரத்தில், ஒரே அணியில் இருந்த ஒருவர் தலையில் மலையளவு பாரம், இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லை. நிகழ்ச்சிகளுக்குப் போக வேண்டிய பணம் அரசுக் கருவூலத்துக்குப் போனது. இதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

1992 மே மாதம் இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கின் ஒளிபரப்பு உரிமைக்கு ஐடிவி 26.2 கோடி பவுண்டு வரை வந்தது. ஸ்கையும் பிபிசியும் சேர்ந்து ஐந்தாண்டுகளுக்கு 30.4 கோடி என்றன. கிளப்புகள் வாக்களித்தன, ஸ்கைக்கு 14, ஐடிவிக்கு 6. ஸ்கையை ஆதரித்தவர்களில் டாட்டன்ஹாம் கிளப்பின் ஆலன் சுகரும் ஒருவர். ஸ்கைக்கு டிஷ் தயாரித்துக் கொடுத்த ஆம்ஸ்ட்ராட் கம்பெனி அவருடையது.

இந்தத் தோல்வியில் கற்ற பாடம்தான் தவறாகப் போயிற்று. மக்கள் பணம் கட்டிப் பார்க்கிறார்கள், நாமும் பணம் வாங்குவோம் என்று கார்ல்டனும் கிரனடாவும் முடிவு செய்தன. 1998 நவம்பரில் ஆன்டிஜிட்டல் (ONdigital) என்ற சந்தாத் தொலைக்காட்சி வந்தது. டிஷ் வேண்டாம், கூரையில் இருக்கும் பழைய ஆன்டெனாவே போதும், ஒரு செட்டாப் பாக்ஸ் வாங்கினால் சேனல்கள் கொட்டும் என்பது வாக்குறுதி. ஆனால் ஒளிபரப்புக் கோபுரங்களின் டிஜிட்டல் சிக்னல் பலவீனமாக இருந்தது. அதில் சேனல்களைத் திணித்து அடைத்திருந்தார்கள். ஃபிரிட்ஜின் மோட்டார் ஓடத் தொடங்கினால், வாசலில் மோட்டார் சைக்கிள் போனால், படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. பலர் புது ஆன்டெனா போட வேண்டியிருந்தது. சந்தா அட்டையைப் போலி செய்து விற்றவர்கள் வேறு. 1999இல் ஸ்கை தன் பெட்டியை இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியது. இவர்களும் கொடுத்தாக வேண்டியதாயிற்று.

பிரீமியர் லீக் கிடைக்காததால், அதற்குக் கீழே உள்ள மூன்று பிரிவுகளின் ஆட்டங்களை மூன்றாண்டுகளுக்கு 31.5 கோடி பவுண்டு கொடுத்து வாங்கினார்கள். அந்தத் தொகையை நம்பிச் சிறுநகரக் கிளப்புகள் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் பேசின. ஐடிவி டிஜிட்டல் என்று பெயர் மாற்றியும் சந்தாதாரர்கள் ஏறத்தாழ 12 லட்சத்தைத் தாண்டவில்லை. 2002 மார்ச்சில் திவால் நிர்வாகம், மே மாதம் இழுத்து மூடல். தாய்க் கம்பெனிகள் எழுத்தில் பொறுப்பேற்கவில்லை என்று சொல்லி நீதிமன்றம் கிளப்புகளின் வழக்கைத் தள்ளியது. உங்கள் தம்பி வாழும் ஊரின் லெஸ்டர் சிட்டி கிளப்பும் அந்த ஆண்டு அக்டோபரில் திவால் நிர்வாகத்துக்குப் போனது. கிளப் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது, புதிய மைதானத்தின் செலவு என்று அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வரவேண்டிய பணம் வராமல் போனது எரிகிற வீட்டில் எண்ணெய்.

ஐடிவி டிஜிட்டல் கைவிட்ட அலைவரிசைகளை பிபிசியும், கோபுரங்களை நடத்திய கிரவுன் காசிலும், ஸ்கையும் சேர்ந்து எடுத்து, 2002 அக்டோபர் இறுதியில் ஃப்ரீவியூ என்ற இலவச ஒளிபரப்புச் சேவையைத் தொடங்கின. சேனல் எண்ணிக்கையைக் குறைத்து சிக்னலை உறுதியாக்கினார்கள். பெட்டிக்கு ஒருமுறை பணம் கொடுத்தால் போதும், மாதச் சந்தா கிடையாது. அதே கோபுரம், அதே ஆன்டெனா. இந்த முறை மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். ஐடிவி அதில் பங்குதாரராகச் சேர்ந்ததே 2005இல்தான். ஆனால் அந்த இலவச மேடைதான் அதைக் காப்பாற்றியது. 1998இல் தொடங்கிய ஐடிவி 2 ஏற்கெனவே இருந்தது. 2004இல் ஐடிவி 3, 2005இல் ஐடிவி 4. பரணில் கிடந்த துப்பறியும் தொடர்களுக்கு ஐடிவி 3 மறுவாழ்வு கொடுத்தது.

இந்தக் கிளைச் சேனல்கள் ஏன் அவ்வளவு அவசியம்? கார்ல்டனும் கிரனடாவும் 2004 பிப்ரவரியில் ஒன்றாயின. அதற்கு 2003 அக்டோபரில் அனுமதி கொடுத்தபோது, அரசு ஒரு நிபந்தனை போட்டது. விளம்பரதாரர் பழைய ஒப்பந்தத்தை அதே விதிகளோடு நீட்டிக்கலாம்; முதன்மைச் சேனலின் பார்வையாளர் குறைந்தால் அந்த விகிதத்தில் தான் செலவிடும் தொகையையும் குறைத்துக்கொள்ளலாம். 1990களின் தொடக்கத்தில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் இருந்த பார்வையாளர் பங்கு 2008இல் இருபதுக்கும் கீழே வந்தது. ஆக, நீங்கள் சொல்லும் இணைப்பே கழுத்தில் ஒரு கயிற்றோடுதான் வந்தது. அந்தக் கயிறு கிளைச் சேனல்களின் கழுத்தில் இல்லை.

இலவசச் சேனலுக்கு என்ன பலம் என்பதை ஐடிவி 1998இலேயே காட்டியிருந்தது. நாம் அமிதாப் பச்சன் நடத்திப் பார்த்த அந்தக் கோடி ரூபாய் வினாடி வினாவின் மூலம் ஐடிவியில்தான் அந்தச் செப்டம்பரில் தொடங்கியது. தொடர்ந்து பல இரவுகள் ஓட்டினார்கள். 1999இல் ஒரு பகுதியை ஏறத்தாழ 1.9 கோடிப் பேர் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். சந்தா கட்டியவர் மட்டும் பார்க்கும் சேனலால் அப்படிக் கூட்டம் கூட்ட முடியாது. அந்தக் கூட்டத்துக்குத்தான் விளம்பரதாரர் பணம் கொடுக்கிறார். அதைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்கையைப் போல ஆக ஆசைப்பட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். 2010க்குப் பிறகு ஆடம் குரோசியர் தலைமை நிர்வாகியாக இருந்த காலத்தில் நிகழ்ச்சி தயாரித்து உலகுக்கு விற்பதில் இறங்கினார்கள். 2015இல் நெதர்லாந்தின் டால்பா கம்பெனியை வாங்கியதும் அந்த வழியில்தான்.

கம்பெனிகள் சேர்ந்ததை நன்மையாக மட்டும் பார்க்காதீர்கள். 2009இல் செலவைக் குறைக்க, கார்லைலைத் தலைமையிடமாகக் கொண்ட பார்டர் பகுதியின் செய்தியை டைன் டீஸ் பகுதியோடு சேர்த்தார்கள். ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லையில் ஆடு வளர்ப்பவருக்கு இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டிலிருந்து செய்தி வந்தது. எதிர்ப்பு கிளம்பி, 2013இல் பார்டருக்குத் தனிச் செய்தியறிக்கை திரும்பவும் கிடைத்தது. மற்றப் பகுதிகளுக்கென்று தனியாக எடுத்த நாடகங்களும் ஆவணப் படங்களும் திரும்பி வரவில்லை. போட்டியில் இது தவிர்க்க முடியாதது என்று இணைப்பை நடத்தியவர்கள் சொல்கிறார்கள். ஆன்டிஜிட்டலில் நூறு கோடி பவுண்டுக்கு மேல் கரைத்தவர்கள் அதைச் சொல்லும்போது என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.