பழைய டிவி கேம், புதிய திரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 1990களின் நடுவில் என் அப்பா வாங்கித் தந்த டிவி கேமைப் பரணிலிருந்து இறக்கி, என் மகளுக்காக 43 அங்குல எல்.இ.டி. டிவியில் இணைத்தேன். எழுத்துகளின் ஓரம் நெளிகிறது. சிவப்பு நிறம் கோட்டைத் தாண்டி வழிகிறது. பொத்தானை அழுத்திச் சற்று நேரம் கழித்தே மரியோ குதிக்கிறார். ஏ.வி. வயரை எச்.டி.எம்.ஐ. ஆக்கும் சிறு பெட்டி ஒன்றை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? வாத்து சுடும் துப்பாக்கியும் வேலை செய்யவில்லை.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வாங்க வேண்டாம். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். உங்கள் கருவி எதை வெளியே அனுப்புகிறது என்பதை முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகு வயரையும் பெட்டியையும் பற்றி யோசிப்பதே சரியான வரிசை.

அக்காலத்தில் நம் ஊர்க் கடைகளில் கேசட் செருகி ஆடிய டிவி கேம்களில் பெரும்பாலானவை, 1983இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபாமிகாம் கருவியின் நகல்கள். அந்தக் கருவியில் படத்தை உண்டாக்கும் சிப், சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றைத் தனித்தனியே (இதைத்தான் ஆர்.ஜி.பி. என்கிறார்கள்) வெளியிடுவதே இல்லை. வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒன்றாகக் கலந்த 'காம்போசிட்' சிக்னலைத்தான் அது பிறப்பிலேயே தருகிறது. மஞ்சள் பின் வழியாக வருவது அதுதான். கலந்த இரண்டையும் மீண்டும் பிரிக்கும் வேலை டிவியின் தலையில் விழுகிறது. அந்தப் பிரிப்பு ஒருபோதும் முழுமையாக அமையாததால்தான் ஓரங்கள் நெளிகின்றன, சிவப்பு வழிகிறது. ஆன்டெனா துளை வழியாக இணைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் அங்கே ஒலியையும் சேர்த்து ஓர் அலைவரிசைக்குள் திணித்து அனுப்புகிறார்கள்.

தாமதத்துக்குக் காரணம் வேறு. நம் நாட்டின் பழைய ஒளிபரப்பு முறையில் 625 வரிகள் கொண்ட ஒரு படம், ஒற்றைப்படை வரிகள் ஒரு முறையும் இரட்டைப்படை வரிகள் மறுமுறையுமாக, இரண்டு பாதிகளாகத் திரைக்கு வரும். பழைய கேம் கருவிகள் இதில் ஒரு தந்திரம் செய்தன. ஒவ்வொரு பாதியும் முந்தைய பாதி விழுந்த வரிகளின் மீதே விழும்படி சிக்னலைச் சற்று மாற்றி, ஏறக்குறைய 240 வரிகள் கொண்ட முழுப் படத்தையே ஒவ்வொரு முறையும் அனுப்பின. இதைத்தான் 240பி என்கிறார்கள். பிக்சர் டியூப் டிவி, வந்ததை வந்தபடியே வரைந்துவிடும். எல்.இ.டி. டிவியோ, வருவது ஒளிபரப்புப் படத்தின் பாதி என்று தவறாக எண்ணி, அடுத்த பாதிக்காகக் காத்திருந்து இரண்டையும் கோத்துப் பார்க்கிறது. மலிவான பெட்டியும் இதே தவற்றைச் செய்துவிட்டுத்தான் படத்தைப் பெரிதாக்கி அனுப்பும். டிவி அதை வாங்கி மறுபடியும் பெரிதாக்கும். ஒரு பிழை இரண்டாகும், அவ்வளவுதான்.

ஆகவே, ஆன்டெனா வயரை விட்டு மஞ்சள் பின்னைப் பயன்படுத்துங்கள். புதிய டிவிகள் பலவற்றில் மூன்று பின்களுக்குப் பதிலாக ஹெட்போன் துளை போன்ற ஒன்றே இருக்கும். அதற்கான இணைப்பு வயர்களில் உள்வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால், படம் வராவிட்டால் மஞ்சளைச் சிவப்பிலோ வெள்ளையிலோ செருகிப் பாருங்கள். டிவியில் தாமதத்தைக் குறைக்கும் 'கேம் மோட்' இருந்தால் போடுங்கள். படத்தை 4:3 அளவிலேயே வையுங்கள்; அகலத் திரையை நிரப்ப வேண்டும் என்பதற்காக மரியோவைக் குண்டாக்குவதில் யாருக்கும் பயனில்லை. அசல் ஃபாமிகாமாக இருந்தால் அதன் பட சிப்பைக் கழற்றி ஆர்.ஜி.பி. தரும் பலகை ஒன்றைப் பொருத்த வழி உண்டு. நகல்களில் பல, எல்லாச் சிப்களையும் ஒரே பிசின் பொட்டுக்குள் அடக்கியவை. அவற்றில் அது நடவாது.

துப்பாக்கிக்கு மருந்தே இல்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து நின்ற இடத்தில் வெள்ளைக் கட்டம் ஒன்று தோன்றும். குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி அந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். பிக்சர் டியூபில் வரிகள் நொடிக்கு 15,000க்கும் அதிகமான முறை வரையப்படும்போது உண்டாகும் துடிப்பை எதிர்பார்த்தே அந்தச் சுற்று அமைக்கப்பட்டது. எல்.இ.டி. திரையில் அந்தத் துடிப்பும் இல்லை, படமும் நேரத்துக்கு வந்து சேர்வதில்லை.

கேள்வி: பாரிஸில் வசிக்கிறேன். வார இறுதிப் பழம்பொருள் சந்தையில் சேகா மெகா டிரைவ் கருவி ஒன்றைப் பெரிய ஸ்கார்ட் வயருடன் வாங்கினேன். என் புதிய டிவியில் ஸ்கார்ட் துளை இல்லை. என்ன செய்வது?
– வாசகி, பாரிஸ்

பதில்: நல்ல ஊரில் நல்ல பொருளை வாங்கியிருக்கிறீர்கள். ஸ்கார்ட் என்னும் 21 முனை இணைப்பு பிரான்ஸில் தோன்றியது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலக்காமல் தனித்தனிக் கம்பிகளில் கொண்டு செல்லும் ஆர்.ஜி.பி. வசதி அதில் உண்டு. மெகா டிரைவ் கருவியும் உள்ளேயிருந்து ஆர்.ஜி.பி. தருகிறது, கோயம்புத்தூர் வாசகருக்குக் கிடைக்காத பேறு அது. உங்கள் வயரில் மூன்று நிறக் கம்பிகளும் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ஸ்கார்ட் முனையைப் பூட்டி உள்ளே காம்போசிட் கம்பியை மட்டும் விட்ட வயர்களும் உலவுகின்றன. ஜப்பானிலும் இதே வடிவில் 21 முனை ஆர்.ஜி.பி. இணைப்பு ஒன்று உண்டு. தோற்றம் ஒன்றானாலும் உள்ளே கம்பிகளின் வரிசை வேறு. இரண்டையும் மாற்றிச் செருகினால் கருவியோ பெட்டியோ பழுதாகலாம்.

ஸ்கார்ட்டை எச்.டி.எம்.ஐ. ஆக்கும் பெட்டியைப் பொறுத்தவரை, 240பி சிக்னலை 240பி என்றே அடையாளம் காண்பதுதான் நமக்குத் தேவை. ஓ.எஸ்.எஸ்.சி. என்னும் திறந்தமூலக் கருவி ஒவ்வொரு வரியையும் இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை திரும்ப வரைகிறது; முழுப் படத்தையும் சேமித்துக் காத்திருக்காததால் தாமதம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அது காம்போசிட் சிக்னலை ஏற்காது. அதன் மடங்குகள் சிலவற்றை ஏற்க மறுக்கும் டிவிகளும் உண்டு. ரெட்ரோடிங்க் 5எக்ஸ் புரோ என்னும் பெட்டி விலை கூடியது. காம்போசிட், ஆர்.ஜி.பி. இரண்டையும் வாங்கி, டிவி மறுக்காத வடிவில் கொடுக்கும். கணக்கைப் பாருங்கள்: 240 வரிகளை 1080க்குப் பெருக்கினால் நாலரை மடங்கு, அதாவது வரிகள் சமமாக விழா. ஐந்து மடங்காக்கினால் 1200 ஆகி மேலும் கீழும் வெட்டுப்படும். ஆனால் பெரும்பாலான ஆட்டங்கள் 224 வரிகளையே பயன்படுத்துவதால் இழப்பு மேலே நான்கு, கீழே நான்கு வரிகள்தான். 4கே திரையின் 2160 வரிகளோ 240க்குச் சரியாக ஒன்பது மடங்கு.

ஒரு செய்தியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 1991இல் வந்த சோனிக் ஆட்டத்தின் முதல் கட்டத்து அருவி, காம்போசிட் வயரில் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும், ஆர்.ஜி.பி.யில் அது வெறும் செங்குத்துக் கோடுகளாகத் தெரியும். ஒன்றுவிட்டு ஒன்றாக வரைந்த கோடுகளை மங்கலான வயர் ஒன்றாகக் குழைத்துவிடும் என்பதால்தான் அந்த ஓவியம் அப்படித் தெரிந்தது. நான் ஆர்.ஜி.பி. பக்கம்தான்; ஆயினும் அந்த அருவிக்காக மட்டும் பழைய வயரை எடுத்துச் செருகியிருக்கிறேன். ஐரோப்பியக் கருவி நொடிக்கு 50 படங்களையே தருவதால், அமெரிக்காவில் 60 படங்களாக ஓடிய ஆட்டங்களில் பல உங்களிடம் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். அதை எந்த வயரும் மாற்றாது.

கேள்வி: பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு காம்பொனென்ட் வயர் வாங்கினேன். படத்தின் நிறமே கெட்டுவிட்டது. ஒருவழியாக அதைச் சரிசெய்தால், முதல் பிளேஸ்டேஷனின் சிடிகளைப் போட்டால் திரை கறுப்பாகிறது. கருவி பழுதா?
– வாசகர், சென்னை

பதில்: பழுதில்லை. அந்தக் கருவி ஒரே துளை வழியாக ஆர்.ஜி.பி.யையும், வெளிச்சத்தையும் நிறத்தையும் மூன்று கம்பிகளில் பிரித்து அனுப்பும் காம்பொனென்ட்டையும் தரக்கூடியது. எதைத் தருவது என்பதை 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' பக்கத்தில் நாம்தான் சொல்ல வேண்டும். அதை மாற்றியதால்தான் உங்களுக்கு நிறம் திரும்பியது. முதல் பிளேஸ்டேஷன் ஆட்டங்கள் பெரும்பாலும் 240 வரிகளில் ஓடுபவை. காம்பொனென்ட் துளையில் அந்த வடிவத்தை எதிர்பாராத டிவிகள் படத்தையே காட்டாமல் விட்டுவிடுகின்றன. அந்தச் சிடிகளுக்கு மட்டும் பழைய மஞ்சள் வயரை மாட்டுங்கள், அல்லது மேலே சொன்ன பெட்டிகளில் ஒன்றை இடையே வையுங்கள். பிளேஸ்டேஷன் 2 ஆட்டங்களில் சில, தொடங்கும்போது எக்ஸ், முக்கோணம் இரண்டு பொத்தான்களையும் அழுத்திப் பிடித்தால், 480 வரிகளையும் பாதியாகப் பிரிக்காமல் அனுப்பும் 480பி வடிவுக்கு மாறிக்கொள்ளும். அந்த வாய்ப்புள்ள ஆட்டங்களில் வேறுபாடு சட்டென்று தெரியும்.

கேள்வி: ஜப்பானில் வேலை பார்த்த என் மாமா ஃபாமிகாமுக்கு அடுத்து வந்த சூப்பர் ஃபாமிகாம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். எங்கள் பழைய பிக்சர் டியூப் டிவியில் படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது. இந்த டிவியை வைத்திருப்பதா, கொடுத்துவிடுவதா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: கட்டாயம் வைத்திருங்கள். 240 வரிப் படத்துக்கு அதைவிடப் பொருத்தமான திரை இல்லை. தாமதம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. நிறம் வராத காரணம், ஜப்பானிய என்.டி.எஸ்.சி. முறை நிறத்தை 3.58 மெகா ஹெர்ட்ஸ் அலையில் ஏற்றி அனுப்ப, இலங்கையும் இந்தியாவும் பின்பற்றிய பால் (பி.ஏ.எல்.) முறை டிவி அதை 4.43 மெகா ஹெர்ட்ஸில் தேடுவதுதான். பிந்தைய டிவிகளில் நிற முறையை மாற்றும் வசதி மெனுவில் இருக்கும், தேடிப் பாருங்கள். இல்லையேல் கருவியின் பின்புறத் துளையிலிருந்து ஆர்.ஜி.பி. எடுத்து மாற்றுப்பெட்டி வழியாகப் புதிய டிவிக்கு அனுப்பலாம். ஆர்.ஜி.பி.யில் நிறத்தை ஏற்றிச் செல்லும் அலையே கிடையாது என்பதால் இந்தச் சிக்கல் எழாது. வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனிக் கம்பிகளில் அனுப்பும் எஸ்-வீடியோ வயர் கூர்மையைக் கூட்டும், ஆனால் நிற முறைச் சிக்கலைத் தீர்க்காது.

மின்சாரத்தில் கவனம் வேண்டும். ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்கு உரியது. நம் வீட்டு மின்சாரத்தில் நேரடியாகச் செருகினால் கருகிவிடும். நடு முனை மைனஸாக உள்ள, 10 வோல்ட் டி.சி. தரும் உள்ளூர் அடாப்டரே போதும். கருவி கேட்பது 850 மில்லி ஆம்பியர்தான். டிவியின் பின்மூடியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் உயர் மின்னழுத்தம் தேங்கி நிற்கும்.