ரெக்கார்டு தேதியன்று வாங்கிய பங்குக்கு டிவிடெண்ட்

ரெக்கார்டு தேதியன்று (டிவிடெண்ட், அதாவது லாபப் பங்கு, யாருக்கு என்று நிறுவனம் கணக்கெடுக்கும் நாளில்) வாங்கிய பங்குக்கு டிவிடெண்ட் ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வராது. ரெக்கார்டு தேதியன்று காலையிலேயே வாங்கிவிட்டதாகச் சொல்கிறீர்கள். ஆனால் பங்கு உங்கள் டீமேட்டில் (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கில்) ஏறியது அடுத்த வேலைநாளில். 2023 ஜனவரி 27 முதல் இந்தியச் சந்தையில் டி+1 முறை, அதாவது வாங்கிய பங்கு அடுத்த வேலைநாளில் கணக்கில் ஏறும். ரெக்கார்டு தேதி முடியும்போது பங்கு யார் டீமேட்டில் இருக்கிறதோ அவருக்கே டிவிடெண்ட். இங்கே அது உங்களுக்கு விற்றவருக்குப் போய்விட்டது.

சரிபார்க்க: என்எஸ்இ (தேசியப் பங்குச் சந்தை) தளத்தின் கார்ப்பரேட் ஆக்‌ஷன்ஸ் பகுதியில் அந்தப் பங்கின் எக்ஸ் தேதியைப் பாருங்கள்; அன்று முதல் வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடையாது. உங்கள் காண்ட்ராக்ட் நோட்டில் (புரோக்கர் அனுப்பும் வர்த்தக ரசீதில்) உள்ள தேதி அதற்கு முந்தையதாக இருக்க வேண்டும். அதே தேதி என்றால் புரோக்கரிடம் புகார் செய்து பயனில்லை.

முந்தைய நாளே வாங்கியிருந்தும் வரவில்லையா? டீமேட்டில் பழைய வங்கிக் கணக்கு இருக்கக்கூடும். பணம் டிரேடிங் கணக்குக்கு வராது, நேராக வங்கிக்குத்தான் போகும், அங்கே தேடுங்கள். அங்கும் இல்லையென்றால் நிறுவனத்தின் பங்குப் பதிவாளருக்கு டீமேட் எண்ணோடு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

ஒன்று மட்டும்: அடுத்த முறை டிவிடெண்டுக்காகவே ஒரு நாள் முன்னால் வாங்காதீர்கள். எக்ஸ் தேதியில் விலை ஏறக்குறைய அந்தத் தொகை அளவுக்கு இறங்கும். கிடைக்கும் டிவிடெண்டும் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து, உங்கள் வரி விகிதப்படியே வரிக்கு உட்படும்.