கேரளக் காயல் பகுதிக்கு வயதான அம்மாவைக் குழுச் சுற்றுலாவில் அழைத்துப் போகலாமா?

அழைத்துப் போங்கள். தேக்கடி, ஆலப்புழை, கொச்சி என்று நான்கு நாள் பேக்கேஜ் பார்த்து வைத்திருக்கிறீர்கள், அம்மாவுக்கு முட்டி வலி, கும்பலோடு போனால் சிரமப்படுவாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு" என்று சொல்லியிருப்பார்கள், அதனால்தான் இங்கே வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

2023 பொங்கல் கழிந்த அடுத்த வாரம் மதுரையிலிருந்து கிளம்பிய ஒரு குழுவில் நானும் அம்மாவும் போனோம். மொத்தம் 22 பேர், பாதிக்கு மேல் ஓய்வு பெற்றவர்கள். அம்மாவுக்கு அப்போது 71 வயது. உத்தமபாளையம் பக்கம் பிறந்து வளர்ந்தவர், கல்யாணமான பிறகும் பதினைந்து வருடம் சேற்றில் இறங்கி நாற்று நட்டவர். அவர் வயலுக்கு வந்த தண்ணீர் பெரியாற்றுத் தண்ணீர். எங்கள் தாத்தா வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக் படமும் இருந்தது, கம்பம் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் அப்படித்தான். ஆனால் மலை ஏறினால் வந்துவிடும் தேக்கடியை அம்மா அதுவரை பார்த்ததே இல்லை.

தேக்கடிப் படகில் எல்லோரும் யானை தெரிகிறதா, காட்டெருமை தெரிகிறதா என்று கரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏரிக்கு நடுவில் கருத்துப்போன மரக்கட்டைகள் நின்றுகொண்டிருக்கும், படங்களில் பார்த்திருப்பீர்கள். 1895-ல் அந்தப் பெரியாறு அணையைக் கட்டி முடித்துத் தண்ணீரைத் தேக்கியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. இதை அம்மாவுக்குச் சொன்னது நான்தான். குழுவோடு மதுரையிலிருந்து வந்த மேலாளர் தலை எண்ணுவது, சாப்பாட்டு டோக்கன் கொடுப்பது, "நேரமாச்சு நேரமாச்சு" என்பது, இதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. அம்மா கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம மடைக்கு வந்த தண்ணியா இது, இம்புட்டு அமைதியா இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே நான் கட்டிய பணம் சரியாகிவிட்டது.

படகு என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். இதே தேக்கடியில் 2009 செப்டம்பரில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தேக்கடியில் இப்போது கட்டாயம் போட வைக்கிறார்கள், ஆனால் எங்கள் ஹவுஸ்போட்டில் நாங்கள் கேட்ட பிறகுதான் எடுத்து வந்தார்கள். வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

ஹவுஸ்போட் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹவுஸ்போட்டாக மாறிய அந்தக் கெட்டுவள்ளங்கள் ஒரு காலத்தில் நெல்லும் மிளகும் ஏற்றிக்கொண்டு கொச்சி வரை போன சரக்குத் தோணிகள். ஆணி அடிக்காமல், ஆஞ்சிலிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டியவை. பார்க்க அழகு, கரிமீன் பொள்ளிச்சது சாப்பிடலாம், சரி. ஆனால் இரவில் மீனவர்கள் வலை விரிப்பதால் சாயங்காலம் ஐந்தரை வாக்கில் கரையில் கட்டிவிடுகிறார்கள். அப்புறம் காலை வரைக்கும் மிதக்கும் லாட்ஜ்தான் அது. முட்டி வலிக்காரர்களுக்குச் சிரமமான இடம் எதுவென்றால், கரையிலிருந்து படகுக்குப் போட்டிருக்கும் ஒற்றைப் பலகையும் குளியலறை வாசல் படியும்தான். முன்கூட்டியே சொல்லி வைத்தால் இரண்டு பேர் கைபிடித்து ஏற்றிவிடுவார்கள். எங்களுக்கு அப்படித்தான் செய்தார்கள்.

மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்லத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன். ஆலப்புழையில் எங்களோடு ஒரு உள்ளூர் வழிகாட்டி சேர்ந்துகொண்டார். கைனகரிக்காரர், முப்பது வயது இருக்கும். எங்களைப் பெரிய படகிலிருந்து இறக்கி, எட்டு எட்டுப் பேராகச் சின்ன வள்ளங்களில் ஏற்றி, பெரிய படகு நுழையவே முடியாத குட்டநாட்டு வாய்க்கால்களுக்குள் கூட்டிப்போனார். மோட்டார் கிடையாது. ஒருவர் பின்னால் நின்றுகொண்டு நீண்ட மூங்கில் கழியைத் தரையில் ஊன்றித் தள்ளுகிறார், கழியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கூடக் கேட்கிறது. இரண்டு பக்கமும் வீடுகள், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தண்ணீருக்குள் இறங்கும் கல்படி, படியில் உட்கார்ந்து மீன் ஆய்கிறார்கள், துணி துவைக்கிறார்கள். ஒரு இடத்தில் வரப்பு ஓரமாக வள்ளத்தை நிறுத்தி எல்லோரையும் மேலே ஏறிப் பார்க்கச் சொன்னார்.

ஏறினால், ஒரு பக்கம் நாங்கள் வந்த வாய்க்கால், மறுபக்கம் நெல்வயல். வயல் ஆள் உயரத்துக்குக் கீழே கிடக்கிறது. கடல்மட்டத்துக்கே கீழே உள்ள நிலம் அது, காயலில் வரப்புக் கட்டி, தண்ணீரை இறைத்து வெளியேற்றி, அப்படி உண்டாக்கிய வயல். 2013-ல் ஐநாவின் உணவு வேளாண்மை அமைப்பு இந்தச் சாகுபடி முறையை உலகப் பாரம்பரிய வேளாண் முறைகளில் ஒன்றாக அறிவித்திருக்கிறது. இதெல்லாம் எனக்குப் படித்த விஷயம். அம்மாவுக்கு அப்படி இல்லை. அவர் வாய்க்காலைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், மறுபடியும் வாய்க்காலைப் பார்த்தார். "தம்பி, தண்ணி மேல இருக்கு, வயலு கீழ கெடக்கு, மடைய எப்படித் தெறப்பீக?" என்று கேட்டார்.

"மடை தொறந்தா எல்லாம் போயி அம்மச்சி" என்றார் அந்தப் பையன். அங்கே தண்ணீரை உள்ளே விடுவது பாடு இல்லையாம், வெளியே தள்ளுவதுதான் பாடு. அதற்கு 'பெட்டியும் பறையும்' என்று ஒரு பழைய மர இயந்திரம், இப்போது மோட்டாரில் ஓடுகிறது. பறை என்கிற மர உருளைக்குள் விசிறி சுற்றித் தண்ணீரைத் தூக்கும், பெட்டி வழியாக அது வாய்க்காலுக்குள் கொட்டும். அவருடைய அப்பா அந்தப் பம்பு ஓட்டுபவராம். வரப்பு உடைவதை 'மடவீழ்ச்சை' என்கிறார்கள், ஒரு ராத்திரி உடைந்தால் அந்தப் பாடசேகரமே, அதாவது அந்த வரப்புக்குள் இருக்கும் மொத்த வயலுமே போச்சு. அம்மா அந்தப் பம்பிடம் போய், மரத்தைக் கையால் தடவிப் பார்த்து, எத்தனை குதிரைச்சக்தி, கரண்டுக்கு யார் பணம் கட்டுகிறார்கள், எத்தனை நாள் ஓட்டினால் வயல் தெரியும் என்று வரிசையாகக் கேட்டார். எனக்குத் தெரிந்து பத்து வருடமாக அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வீட்டில் டிவி சத்தம் பெரிதா சின்னதா என்பதைத் தவிர நாங்கள் அவரிடம் என்ன பேசியிருக்கிறோம்?

பக்கத்து வீட்டில் அம்மா வயதில் ஒருவர் வந்து நின்றார். இவர் தமிழ், அவர் மலையாளம், ஆனாலும் இருபது நிமிடம் பேசினார்கள். பயிரில் வரிசையே இல்லையே, நடவு கிடையாதா என்று அம்மா கேட்டதற்கு, முளைகட்டிய விதையைச் சேற்றில் விதைத்துவிடுவதுதான் வழக்கம் என்று அவர் கையை வீசிக் காட்டினார். 2018 வெள்ளத்தில் குட்டநாடே காலியாகி முகாம்களுக்குப் போனதையும், அவர் வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற அடையாளத்தையும் காட்டினார். கிளம்பும்போது ஒரு பொட்டலம் குடம்புளி கொடுத்தார், காசு வாங்கவே இல்லை.

இதைப் படித்துவிட்டு, குழுச் சுற்றுலா என்றால் ஆட்டு மந்தை, தனியாகப் போனால்தான் ஊரைப் பார்க்க முடியும் என்று சிலர் சொல்வார்கள். இளவட்டமாக இருந்தால் தனியாகவே போங்கள், ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்கு அரசு நீர்ப் போக்குவரத்துப் படகு போகிறது, பஸ் டிக்கெட் மாதிரிக் காசில் அதே காயலைப் பார்க்கலாம், நானும் போயிருக்கிறேன். ஆனால் 71 வயது அம்மாவை வைத்துக்கொண்டு நான் தனியாகப் போயிருந்தால் அந்த வரப்பும் அந்த வீடும் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? யாருக்காகவும் நான் விளம்பரம் செய்யவில்லை, அந்த நிறுவனத்தின் பெயரைக் கூடச் சொல்லப் போவதில்லை. அவர்களிடம் குறையும் இருந்தது. கொச்சிக்கு எங்களைச் சனிக்கிழமை கூட்டிப்போனார்கள், மட்டாஞ்சேரி யூத ஆலயம் சனிக்கிழமை மூடியிருக்கும் என்பது கூடவா சுற்றுலா நடத்துபவர்களுக்குத் தெரியாது? 1568-ல் கட்டிய ஆலயம், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அன்று மாலைக் கதகளிதான் ஆறுதல். ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் ஒப்பனை போடுவதைப் பாருங்கள். தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்த அம்மாவுக்கு ஆட்டத்தை விட அதுதான் பிடித்தது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். "முட்டி வலியோட போயி படுத்துக்கிட்டா யாரு பாக்குறது" என்று சொல்லி ஒரு ரூபாய் தராதவர் என் அண்ணன். நாங்கள் திரும்பி வந்ததும், அம்மா வரப்பில் நிற்கும் படத்தைத் தன் ஸ்டேட்டஸில் போட்டு "எங்கள் அம்மாவின் ஆசையை நிறைவேற்றினோம்" என்று எழுதினார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை, ஆனால் அந்தப் படத்தை அவர் பார்த்துவிட்டார், அது எனக்குத் தெரியும். இன்றைக்கு வரைக்கும் எனக்கு அது ஆறவில்லை. உங்கள் வீட்டில் பணம் பங்கு போடுவதாக இருந்தால் போகும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரைக்கும் போனால் வெயில் தாங்கும், வயலில் அங்கே 'புஞ்ச' என்று சொல்லும் போகத்து நெல்லும் நிற்கும். அந்த மாதங்களில் உப்புநீர் வராமலிருக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணையை அடைத்திருப்பார்கள், அதனால் சில வாய்க்கால்களில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும், வள்ளம் மெதுவாகத்தான் போகும். பணம் கட்டும் முன்பு அந்த நிறுவனத்திடம் சின்ன வள்ளத்தில் எத்தனை மணி நேரம், கூட வரும் வழிகாட்டி எந்த ஊர்க்காரர் என்று கேளுங்கள். ஹவுஸ்போட் மெத்தையைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசினால் வேறு நிறுவனம் பாருங்கள்.