'வீதம்' எங்கே போயிற்று? பழைய வங்கிக் கணக்குகள்: கேள்வி பதில்

ஆங்கிலேயர் காலத்து மெட்ராஸ் வங்கி, பம்பாய் வங்கி, அவை வங்காள வங்கியோடு இணைந்து உருவான இம்பீரியல் வங்கி ஆகியவற்றின் அறிக்கைகளைப் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். அவற்றில் பாதிக்கு மேல் ஒரே தவறைச் செய்திருக்கின்றன: அரையாண்டு அறிக்கையின் ஈவுச் சதவீதத்தை இரட்டிப்பது. அதை மட்டும் விரிவாக எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்குச் சுருக்கமாகத்தான் பதில்.

மெட்ராஸ் வங்கி அரசாங்க வங்கிதானே? அதனால்தானே தவறாமல் ஈவுத்தொகை கொடுக்க முடிந்தது?

இல்லை. 1843-ல் அது தொடங்கியபோது மூலதனம் 30 லட்சம் ரூபாய். அதில் கம்பெனி அரசு போட்டது 3 லட்சம். மீதி முழுவதும் தனியார் பணம். 1876-ல் பிரசிடென்சி வங்கிகள் (வங்காளம், பம்பாய், மெட்ராஸ் வங்கிகள்) சட்டம் வந்தபோது அந்தப் பங்குகளையும் அரசு விற்றுவிட்டு விலகியது. அதற்குப் பிறகும் கஜானாப் பணம் அங்கே வட்டியில்லாமல் இருந்தது. லாபத்துக்கு அது பெரிய ஒத்தாசை, மறுக்கவில்லை. ஆனால் அரசுப் பணத்தை வைத்திருப்பது வேறு, அரசுக்குச் சொந்தமாக இருப்பது வேறு.

பங்கு ஒன்றுக்கு ஈவு 12-8-0 என்று இருக்கிறது. 12 ரூபாய் 80 காசா?

12 ரூபாய் 8 அணா. 16 அணா ஒரு ரூபாய், 12 பை (தம்படி) ஓர் அணா. ஆக 12.50. வீட்டில் பெரியவர்கள் யாரையாவது கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள்.

கர்நாடிக் வங்கி (மெட்ராஸ் வங்கிக்கு முந்தைய சென்னை வங்கி) காலத்துத் தொகைகளை மெட்ராஸ் வங்கித் தொகைகளோடு ஒப்பிட்டு வரைபடம் போட்டேன். எங்கோ இடிக்கிறது.

நாணயம் இடிக்கிறது. 1818 வரை சென்னையில் கணக்கு வராகன் என்ற பொன் நாணயத்தில். ஒரு வராகன் 42 பணம், ஒரு பணம் 80 காசு. ரூபாய்க்கு 12 பணம் என்பதால் ஒரு வராகன் மூன்றரை ரூபாய். நீங்கள் வராகனை அப்படியே ரூபாயாக எடுத்துக்கொண்டு, பழைய வங்கியை மூன்றரை மடங்கு சிறியதாக்கிவிட்டீர்கள். வங்காள வங்கிக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அதன் முதல் மூலதனம் 50 லட்சம் சிக்கா ரூபாய் (வங்காளத்தின் பழைய, எடை கூடிய ரூபாய்). பின்னால் வந்த கம்பெனி ரூபாயில் அது 53 லட்சத்துக்கு மேல்.

எப்போதும் சொல்வதை மறுபடியும் சொல்கிறேன். எந்த வங்கி, எந்த அரையாண்டு, எந்த நாணயம் என்ற மூன்றையும் தாளின் தலையில் எழுதிக்கொண்ட பிறகு கூட்டத் தொடங்குங்கள்.

ஜூன் அறிக்கையில் ஈவு 10 சதவீதம், டிசம்பர் அறிக்கையிலும் 10 சதவீதம். ஆக ஆண்டுக்கு 20 சதவீதம். பங்குதாரர்கள் ஐந்தே ஆண்டில் போட்ட பணத்தை எடுத்திருக்கிறார்களே?

இந்தக் கேள்விதான் பல வடிவங்களில் வந்திருக்கிறது. சில மாதங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கில் ஒருவர் இதே கணக்கைத் திரையில் போட்டுக்காட்டி, காலனி வங்கிகள் கொள்ளை லாபம் அடித்தன என்று முடித்தார். அரங்கமே கைதட்டியது. கொள்ளை இல்லை என்று வாதிட நான் வரவில்லை. அந்தக் கணக்கு தப்பு. தப்பான கணக்கை வைத்துச் சரியான குற்றச்சாட்டைக்கூட நிறுவ முடியாது. இருபது ஆண்டுகளாக இதையே சொல்லிச் சொல்லி எனக்கு அலுக்கவில்லை, கோபம்தான் ஏறுகிறது.

சரி, பக்கத்தை எடுத்துக்கொள்வோம். பிரசிடென்சி வங்கிகள் ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 30-லும் டிசம்பர் 31-லும் கணக்கை முடித்தன. ஈவைப் பற்றிய வரியில் 'ஆண்டுக்கு இத்தனை சதவீத வீதத்தில்' என்று இருக்கும். அந்த 'வீதத்தில்' என்ற சொல்லைத்தான் எல்லோரும் விட்டுவிட்டுப் படிக்கிறீர்கள். ஆண்டுக்கு 10 சதவீத வீதம் என்றால் அந்த அரையாண்டுக்குக் கைக்கு வருவது 5 சதவீதம். அடுத்த அரையாண்டுக்கு இன்னொரு 5. மொத்தம் பத்துதான், இருபது இல்லை.

சந்தேகமா? பக்கத்தின் அடிப்பகுதிக்குப் போங்கள். நிகர லாபம் இவ்வளவு, போன அரையாண்டிலிருந்து கொண்டுவந்தது இவ்வளவு, இரண்டும் சேர்ந்து இவ்வளவு என்று இருக்கும். அதற்குக் கீழே பங்கீடு: ஈவுக்கு இவ்வளவு, காப்பு நிதிக்கு இவ்வளவு, அடுத்த அரையாண்டுக்கு எடுத்துச்செல்வது இவ்வளவு. ஈவுக்கு ஒதுக்கிய ரூபாயைச் செலுத்தப்பட்ட மூலதனத்தால் வகுத்துப் பாருங்கள். மூலதனம் 60 லட்சம், ஈவுக்கு ஒதுக்கியது 3 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருவது 5 சதவீதம். மேலே அச்சிட்டிருப்பது 10. உண்மையைச் சொல்வது ரூபாய்த் தொகைதான். சதவீதத்தை நம்பாதீர்கள், ரூபாயைப் பாருங்கள்.

இத்தோடு முடியவில்லை. அந்தச் சதவீதம் முகமதிப்பின் மேல், அதாவது பங்குப் பத்திரத்தில் அச்சிட்ட தொகையின் மேல் கணக்கிட்டது. பெயர்பெற்ற வங்கியின் 500 ரூபாய்ப் பங்கைச் சந்தையில் யாரும் 500-க்கு விற்க மாட்டார்கள். இம்பீரியல் வங்கி 1920-களில் 16 சதவீதம் கொடுத்தது. 500 ரூபாய்ப் பங்குக்கு அது 80 ரூபாய். ஒருவர் 1,400 ரூபாய் கொடுத்து அந்தப் பங்கை வாங்கியிருந்தால் அவருக்குக் கிடைத்தது ஆறு சதவீதத்துக்கும் குறைவு. அரசுக் கடன் பத்திரத்தைவிட ஏதோ கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். தொடக்கத்தில் முகமதிப்பிலேயே பங்கு எடுத்தவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும்தான் 16 சதவீதம் உண்மையில் 16 சதவீதம். யார், எப்போது, என்ன விலைக்கு வாங்கினார் என்று தெரியாமல் 'பங்குதாரர்கள் இத்தனை சம்பாதித்தார்கள்' என்று எழுதுவது வெறும் பேச்சு.

கொள்ளையைத் தேட வேண்டுமானால் இங்கே தேடுங்கள்: வட்டியில்லாத அரசுப் பணம், ஏஜென்சி நிறுவனங்கள் என்ற வெள்ளைக்கார வணிக நிறுவனங்களின் பங்காளிகளே இயக்குநர்களாக உட்கார்ந்திருந்த குழு, கடன் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற கதை. இவையெல்லாம் கணக்கிலேயே இருக்கின்றன. ஈவை இரண்டால் பெருக்கி யாரும் அங்கே போய்ச் சேர முடியாது.

ஜூன் லாபத்தைவிட டிசம்பர் லாபம் குறைந்திருந்தால் வங்கி சரிந்துகொண்டிருந்தது என்று கொள்ளலாமா?

கூடாது. அறுவடை முடிந்து விளைச்சல் துறைமுகத்துக்கு நகரும் மாதங்களில்தான் பணத்துக்குக் கிராக்கி. அப்போது வங்கி வட்டி 7, 8 சதவீதம் வரை போகும். மழைக்காலத்தில் 3, 4-க்கு இறங்கிவிடும். ஆகவே ஜூனை ஜூனோடும் டிசம்பரை டிசம்பரோடும் மட்டும் ஒப்பிடுங்கள். எந்த அரையாண்டு என்று கேட்பது இதற்காகத்தான்.

பம்பாய் வங்கி 1860-களில் கொழுத்த ஈவு கொடுத்தது என்று படித்தேன். அப்புறம் ஏன் மூடினார்கள்?

அந்த ஈவு கொழுத்ததும் வங்கி அழிந்ததும் ஒரே காரணத்தால். அமெரிக்க உள்நாட்டுப் போரால் லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி போவது நின்றது. பம்பாய்க்குப் பணம் கொட்டியது. 1863-ல் புதிய சட்டம் வந்து, மற்ற நிறுவனங்களின் பங்குகளை ஈடாக வாங்கிக் கடன் கொடுக்க வங்கிக்கு வழிவிட்டது. பருத்தி, பங்குத் தரகர் பிரேம்சந்த் ராய்சந்தின் கை ஓங்கியிருந்த காலம் அது. நேற்று முளைத்த கம்பெனிகளின் காகிதத்தின் மேல் வங்கி கடனை வாரி இறைத்தது. 1865-ல் போர் முடிந்தது, பருத்தி விலை விழுந்தது, ஈடாக வைத்த காகிதம் வெறும் காகிதமாயிற்று. 2 கோடியை ஒட்டிய மூலதனத்தில் பெரும்பகுதி போய்விட்டது. 1868-ல் பழைய வங்கியை மூடி, ஒரு கோடி மூலதனத்தில் புதியதைத் தொடங்கினார்கள். 1876 சட்டம் அவ்வளவு இறுக்கமாக எழுதப்பட்டதற்கு இந்த அடிதான் முக்கியமான காரணம்.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் பழையதும் புதியதுமான இரண்டும் 'பம்பாய் வங்கி' என்றே வரிசையாக இருக்கின்றன. அவை இரண்டு வங்கிகள். நடுவில் ஒரு கோடு போடுங்கள்.

எங்கள் பாட்டையா வைத்திருந்த இம்பீரியல் வங்கிப் பங்குப் பத்திரம் கிடைத்தது. முகமதிப்பு 500. இன்றைக்குக் கோடிகளில் போகும் என்கிறார்கள்.

சொன்னவர் யாராக இருந்தாலும் அவரிடம் பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். 1955 ஜூலை 1 அன்று இம்பீரியல் வங்கியின் பங்குகள் எல்லாம் சட்டப்படி ரிசர்வ் வங்கிக்கு மாறிவிட்டன. பங்குதாரர்களுக்கு இழப்பீடு உண்டு: முழுதும் செலுத்திய பங்குக்கு 1,765 ரூபாய் 10 அணா, பகுதி செலுத்திய பங்குக்கு 431 ரூபாய் 12 அணா 4 பை. மொத்தமாகச் சுமார் 20 கோடி ரூபாய்.

அதென்ன பகுதி செலுத்தியது? 1921-ல் வங்காளம், பம்பாய், மெட்ராஸ் மூன்றும் இணைந்தபோது மூன்றின் மூலதனமும் சேர்ந்து 3 கோடியே 75 லட்சம். அதில் மெட்ராஸின் பங்கு 75 லட்சம்தான், கடைக்குட்டி. புதிதாக வெளியிட்ட பங்குகளுக்கு 500-ல் 125 மட்டும் வாங்கிக்கொண்டார்கள். மீதி 375-ஐ வங்கி கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கடமை பங்குதாரர் தலைமேல் இருந்தது. ஈவும் அந்த 125-க்குத்தான். உங்கள் பத்திரத்தில் எவ்வளவு செலுத்தியது என்று எழுதியிருக்கும், அதைப் படித்துப் பாருங்கள். பாட்டையா இழப்பீட்டை வாங்கியிருக்கக்கூடும். பழம்பொருள் சேகரிப்பவர்கள் அந்தத் தாளுக்கு ஏதாவது கொடுப்பார்கள். நானாக இருந்தால் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுவேன்.

1900-ல் கிடைத்த 60 ரூபாய் ஈவு இன்றைய மதிப்பில் எவ்வளவு?

எதில் அளப்பது என்று சொல்லாமல் கேட்டால் பதில் கிடையாது. தங்கத்தில் என்றால், அப்போது ஒரு சவரன் சட்டப்படி 15 ரூபாய். ஆக 60 ரூபாய்க்கு நான்கு பவுன். நகைக்கடைப் பலகையில் இன்றைய விலையைப் பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். அரிசியில், கூலியில் என்றால் வேறு வேறு விடை வரும். எந்த அளவுகோல் என்று எழுதாமல் 'இன்றைய மதிப்பில்' என்று போடாதீர்கள்.

கொழும்புக் கிளைக் கணக்கில் அணாவே காணோமே?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். மெட்ராஸ் வங்கி 1864-ல் கொழும்பில் கிளை திறந்தது. இலங்கை 1872-லேயே ரூபாய்க்கு 100 சதம் என்று மாறிவிட்டது. அதனால் கொழும்பு எண்கள் சதத்தில், சென்னை எண்கள் அணாவில். கூட்டும் முன் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

செட்டியார் உண்டியல்களில் (பணம் கொடுக்கச் சொல்லும் வணிகச் சீட்டுகளில்) ஏன் எப்போதும் இரண்டு விலாசம் (வணிக நிறுவனப் பெயர்)?

சட்டம். ஒன்றோடொன்று பங்கு உறவில்லாத இரண்டு பேரின் பொறுப்பு இல்லாமல் பிரசிடென்சி வங்கி உண்டியலைத் தள்ளுபடி செய்ய, அதாவது தவணைக்கு முன்பே கழிவு பிடித்துக்கொண்டு பணம் கொடுக்க முடியாது. ஒரு விலாசம் எழுதும், இன்னொரு விலாசம் பின்னால் கையெழுத்திடும். நிலத்தை ஈடாக வைத்துக் கடன் கொடுக்கவும் வங்கிக்குத் தடை இருந்ததால் பெயர்தான் சொத்து.

அர்பத்நாட் வங்கியின் ஆண்டறிக்கை, பங்கு ஈவு விவரம் வேண்டும்.

கிடையாது. அர்பத்நாட் கம்பெனி தனியார் கூட்டுநிறுவனம். பங்காளிகள் உண்டு, பங்குதாரர்கள் இல்லை. கணக்கை யாருக்கும் அச்சிட்டுக் காட்ட வேண்டியதும் இல்லை. 1906 அக்டோபர் 22 அன்று கதவை மூடியபோதுதான் டெபாசிட் போட்டவர்களுக்கு நிலைமை தெரிந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15-ல் இந்தியன் வங்கி கூட்டுப்பங்கு நிறுவனமாகத் தொடங்கியதற்கு அதுவே பின்னணி. இந்தியன் வங்கிக்கு அறிக்கை கேளுங்கள், அது நியாயம்.

அறிக்கையின் படத்தை அனுப்பியிருக்கிறேன். லாபம் கூடியதா, குறைந்ததா?

படத்தில் மேல்பகுதியும் இல்லை, அடிப்பகுதியும் இல்லை. வங்கியின் பெயரும் தேதியும் மேலே இருக்கும், பங்கீடு கீழே இருக்கும். நீங்கள் அனுப்பியது நடுவில் உள்ள ஆறு வரி. முழுப் பக்கத்தையும், முந்தைய ஆண்டின் அதே அரையாண்டுப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள், அடுத்த முறை பார்க்கிறேன்.